அவரைக் கொழுந்தில் அசுவினி: ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கரைத்துத் தெளிக்கலாமா?

கேள்வி: மாடியில் ஆறு பைகளில் அவரை வைத்திருக்கிறேன். பூவெடுக்கும் நேரத்தில் கொழுந்து, பிஞ்சு எல்லாவற்றிலும் கறுப்பாக அசுவினி அப்பிவிட்டது. அதன் வயிற்றில் இருக்கும் பாக்டீரியாவால்தான் அது உயிர் வாழ்கிறது, அந்தப் பாக்டீரியாவைக் கொன்றால் பூச்சி தானாகச் செத்துவிடும், வீட்டில் மீந்த ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கரைத்து அடித்தால் போதும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து செய்யாதீர்கள். பாக்டீரியா இல்லாமல் அசுவினி இல்லை என்பது உண்மைதான். மாத்திரையைக் கரைக்கச் சொன்னதுதான் தவறு.

அசுவினி குடிப்பது, இலையில் தயாரான சர்க்கரையைக் கொழுந்துக்கும் பிஞ்சுக்கும் கொண்டுபோகும் குழாயில் ஓடும் சாறு. அதில் இனிப்பு ஏராளம். உடம்பு வளரத் தேவையான அமினோ அமிலங்களோ மிகக் குறைவு. ஏறக்குறைய சர்க்கரைத் தண்ணீரையே குடித்துக்கொண்டு ஒரு பூச்சி பத்து நாளைக்குள் வளர்ந்து குட்டியும் போடுகிறது என்றால், குறைந்த சத்தை யாரோ உள்ளே தயாரித்துத் தருகிறார்கள் என்றுதானே பொருள்? அந்த வேலையைச் செய்வது பூக்னெரா என்ற பாக்டீரியா. அது வயிற்றில் இல்லை. அசுவினியின் உடலுக்குள் அதற்கென்றே தனிச் செல்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் குடியிருக்கிறது. தாய் அசுவினி ஆண் துணையில்லாமலே உயிருள்ள குட்டிகளை ஈனும். ஒவ்வொரு குட்டியும் பிறக்கும் முன்பே தாயிடமிருந்து பூக்னெராவை வாங்கிக்கொண்டுதான் வெளியே வருகிறது. 15 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இந்தச் சீதனம் கைமாறி வருகிறது.

இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்ததில் பாக்டீரியாவும் மாறிப்போனது. பட்டாணிச் செடி அசுவினியில் இருக்கும் பூக்னெராவின் மரபணுத் தொகுதியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000-இல் முழுமையாகப் படித்தார்கள். மொத்தமே சுமார் 6.4 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள். நம் குடலில் வாழும் அதன் உறவுக்கார பாக்டீரியாவான ஈ.கோலிக்கு 46 லட்சம். வெளியே பிழைக்கத் தேவையானவற்றையெல்லாம் இழந்துவிட்டு, அசுவினிக்கு அமினோ அமிலம் தயாரிக்கும் மரபணுக்களை விடாமல் வைத்திருக்கிறது. இந்த உறவில் என்னை எப்போதும் வியக்க வைப்பது இதுதான். ஆனால் ஒரு பலவீனமும் கூடவே வருகிறது. பூக்னெரா வெப்பம் தாங்காது. பட்டாணி அசுவினியில், பாக்டீரியாவின் ஒரு மரபணுவுக்கு அருகே ஒரே ஓர் எழுத்து விடுபட்டுப் போனாலே, குட்டிப் பருவத்தில் கடும் வெப்பம் பட்ட அசுவினி பிறகு குட்டி போட முடியாமல் போகிறது.

சரி, மாத்திரைக்கு வருவோம். ஆய்வகத்தில் ஆன்டிபயாடிக் கொடுத்த அசுவினிகள் குட்டையாகி, குட்டி ஈனாமல் போவது உண்மை. அங்கே மருந்தை அளந்து ஊசியிலோ செயற்கை உணவிலோ கொடுக்கிறார்கள். நீங்கள் இலைமேல் தெளிப்பது, பூச்சியின் உடலுக்குள் இருக்கும் செல்வரை போதிய அளவு போய்ச் சேரும் என்று நம்ப வழியில்லை. அதற்குள் நாலு பேருக்குச் சமைக்கும் காயில் மருந்து படியும், மருந்துக்கு அடங்காத கிருமிகளும் வளரும். இன்னொன்றும் யோசியுங்கள். உங்கள் அவரையே ஒரு பாக்டீரியாவை நம்பித்தான் நிற்கிறது. வேர்முடிச்சுகளில் இருக்கும் ரைசோபியம்தான் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. மாத்திரைக் கரைசல் பைக்குள் வடிந்தால் முதலில் அடி வாங்குவது அதுவாக இருக்கலாம்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மிக மோசமாக அப்பியிருக்கும் கொழுந்துகளைக் கிள்ளி, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். மற்றவற்றைக் காலையில் குழாய்த் தண்ணீரால் கொஞ்சம் வேகமாக, இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். மூன்று நாலு நாள் விடாமல் செய்ய வேண்டும். கீழே விழுந்ததில் பெரும்பாலானவை திரும்ப ஏறுவதில்லை. அப்புறமும் மிச்சமிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய சிறிது சோப்புக் கரைசல், நன்றாகக் கலக்கி மாலையில் தெளியுங்கள். முதலில் ஒரு இலையில் மட்டும் அடித்து, மறுநாள் கருகவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். அசுவினி வெளியேற்றும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும், அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டும். பந்தல் கம்பியும் குச்சியும் சுவரைத் தொடாமல் இருந்தாலே பாதி எறும்பு குறையும். கடலைப் புண்ணாக்குக் கரைசலையும் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். தழைச்சத்து மிகுந்தால் சாற்றிலும் அமினோ அமிலம் கூடும். அசுவினிக்கு அது விருந்து.

கிள்ளவோ தெளிக்கவோ தொடங்கும் முன் ஒரு கொழுந்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், கையில் லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. பளபளக்கும் கறுப்புக் கூட்டத்துக்கு நடுவே சில மட்டும் உப்பி, அசையாமல், நிறம் மங்கி, காகித உறைபோல் ஒட்டியிருக்கும். சிறு குளவி உள்ளே முட்டையிட்டதால் செத்த அசுவினிகள் அவை. சிலவற்றின் முதுகில் வட்டமாக ஒரு துளை தெரியும். குளவி வெளியே போன வழி அது. இப்படி நிறைய தெரிந்தால் அந்தக் கொழுந்தைக் கிள்ளாதீர்கள், அதன்மேல் எதையும் தெளிக்கவும் வேண்டாம், தண்ணீர்கூட.

குளவி வந்தும் சில கூட்டங்கள் தப்புவதுண்டு. சில அசுவினிகளில் பூக்னெராவோடு இன்னொரு பாக்டீரியாவும் குடியிருக்கும். பட்டாணி அசுவினியில் ஹாமில்டனெல்லா என்பது குளவியின் முட்டையை வளரவிடாமல் தடுக்கிறது. ஆனால் இந்தக் காவலுக்கும் கூலி உண்டு. குளவியே இல்லாத கூண்டில் வளர்த்துப் பார்த்தபோது, அதைச் சுமக்கும் அசுவினிகளின் பங்கு தலைமுறைக்குத் தலைமுறை குறைந்தது. அதனால் குளவியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பொறிவண்டின் புழுக்களையும் விட்டு வையுங்கள். கறுப்பு உடலில் ஆரஞ்சுப் புள்ளியோடு குட்டி முதலைபோல் ஊர்ந்துகொண்டிருக்கும் அதைத்தான் பலர் கெட்ட புழு என்று நசுக்கிவிடுகிறார்கள்.

இலை திட்டுத்திட்டாக மஞ்சளாகிச் சுருண்டிருந்தால் அது அசுவினி பரப்பிய வைரஸாக இருக்கலாம். அந்தச் செடிக்கு மருந்தில்லை, வேரோடு எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது வேரில் ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் வேலை செய்துகொண்டிருந்தது என்று அர்த்தம். அந்தப் பை மண்ணைக் கொட்டிவிடாமல் அடுத்த அவரைக்கும் வைத்துக்கொள்ளலாம்.