டேலிக்கு டேப்லெட் உதவாது. ஹைபிரிட்டில் எஸ் மோடைப் பாருங்கள்

பி.காம். சேரும் மகளுக்குக் கீபோர்டுடன் கூடிய ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கலாமா, டேப்லெட்டாகவும் பயன்படும் ஹைபிரிட் லேப்டாப் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவருக்குத் தேவையான டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருள் விண்டோஸில் இயங்குவது என்பதால், ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் அதை நிறுவ முடியாது. இரண்டில் ஹைபிரிட் லேப்டாப்தான் பொருந்தும்.

கடையில் பார்த்த ஹைபிரிட்டிலும் டேலி நிறுவ மறுத்தது என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் ‘எஸ் மோட்’ எனப்படும் கட்டுப்பாடாக இருக்கும். அந்நிலையில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள செயலிகளை மட்டுமே நிறுவ இயலும்.

1. செட்டிங்ஸில் சிஸ்டம், பிறகு அபவுட் பகுதியைத் திறந்து, விண்டோஸ் பதிப்பின் பெயரைப் பாருங்கள். எஸ் மோட் என்றிருந்தால் கட்டணமின்றி அதிலிருந்து வெளியேறலாம். திரும்பிச் செல்லத்தான் வழியில்லை (அதனால் இழப்பு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை).

2. அதே பக்கத்தில் ரேம் அளவையும் பாருங்கள். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும்தான். அவ்வளவு மட்டுமே கொண்ட கருவி மெதுவாக இயங்கும், அப்டேட்டுகளுக்கும் இடமின்றித் திணறும் என்பதால், 8 ஜிபி ரேமுக்குக் குறைந்ததையோ 64 ஜிபி சேமிப்பு மட்டுமே உள்ளதையோ வாங்க வேண்டாம்.

கல்லூரி ஆய்வகத்திலேயே டேலி கற்பிப்பார்களா என்று முன்னதாகக் கேட்டுவிடுங்கள். ஆம் எனில், குறிப்புகள் படிக்க இப்போதுள்ள கைபேசியே போதும். செலவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம்.