மூன்றரை வயதில் திடீரென்று திக்குகிறான், தானாகச் சரியாகிவிடுமா?

திருமங்கலத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகனுக்கு மூன்றரை வயது. கடகடவென்று பேசிக்கொண்டிருந்தவன், சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வந்துபோன வாரத்திலிருந்து திக்குகிறான். "அ-அ-அ-அழகரு" என்கிறான், சில நேரம் வாயைத் திறந்தபடி சத்தமே வராமல் நிற்கிறான். இரண்டு மாதம் ஆகிறது. வைகைக் கூட்டத்தில் பயந்துவிட்டான் என்று சொல்லி அப்பத்தா கயிறு மந்திரித்துக் கட்டியிருக்கிறார், நாக்கில் வசம்பும் தடவுகிறார். ரைம்ஸ் பாடும்போது திக்காததால், வேண்டுமென்றே செய்கிறான் என்றும் வீட்டில் ஒரு பேச்சு. கணவரின் தம்பிக்கு இன்றும் திக்கல் உண்டு. தன்னைப் பார்த்துத்தான் பழகிவிட்டானோ என்று பயந்து, அவர் இப்போது பிள்ளையைத் தூக்குவதே இல்லையாம்.

முதலில் பதில்: காத்திருக்க வேண்டாம், ஸ்பீச் தெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பதற்றப்படவும் வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள், ஏறக்குறைய 20 குழந்தைகளில் ஒருவருக்குத் திக்கல் எட்டிப்பார்க்கும். அவர்களில் நான்கில் மூன்று பேருக்குச் சில ஆண்டுகளில் அது போய்விடுகிறது. பெரியவர்களில் 100 பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் தங்குகிறது. ஆனால் யாருக்குப் போகும், யாருக்குத் தங்கும் என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. சில அடையாளங்களை வைத்துக் கணிக்கலாம், அவ்வளவுதான். ஆண் பிள்ளை, குடும்பத்தில் பெரியவராகியும் திக்கல் போகாத ஒருவர் இருப்பது, வார்த்தை அடைத்துக்கொள்வது: உங்கள் கடிதத்தில் இந்த மூன்றும் இருக்கின்றன. அதனால்தான் காட்டச் சொல்கிறேன்.

எல்லாத் தடுமாற்றமும் திக்கல் இல்லை. "எனக்கு... எனக்கு... வந்து... பரோட்டா வேணும்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அது வாக்கியத்தைத் தேடுகிறது. அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். "ப-ப-ப-பரோட்டா" என்று முதல் எழுத்து உடைவதும், "ம்ம்ம்மாமா" என்று இழுபடுவதும், சத்தமே வராமல் அடைபடுவதும்தான் திக்கல். எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு பொடியன் பொம்மை பஸ்ஸை மேஜையில் தள்ளிக்கொண்டே "ப-ப-பஸ்ஸு" என்றான். தன்பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தான், அது அவனை ஒன்றும் செய்யவில்லை. அடுத்த மாதம் அதே சொல்லுக்குக் கண்ணை இறுக மூடினான், கழுத்து நரம்பு புடைத்தது, காலால் தரையை ஒரு தட்டுத் தட்டிய பிறகுதான் சொல் வந்தது. இந்த மாற்றத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்ததால் வந்தது அல்ல இது. பேச்சுக்கு நாக்கு, உதடு, மூச்சு எல்லாவற்றையும் நொடிக்கணக்கில் ஒருங்கிணைக்க வேண்டிய வேலை மூளையுடையது. சில பிள்ளைகளுக்கு அந்த ஒழுங்கு அமைவதில் சிக்கல் வருகிறது, பெரும்பங்கு பரம்பரையாகவே. மளமளவென்று பெரிய வாக்கியங்கள் பேச ஆரம்பிக்கும் வயதில் அது வெளியே தெரிகிறது. ஓரிரு நாளில் சட்டென்று தொடங்குவதும் உண்டு, அதனால் அந்த வாரத்தில் நடந்த ஏதாவது ஒன்றின் மேல் பழி விழுகிறது. பாட்டில் தாளமும் சொல்லும் முன்பே தயாராக இருப்பதால் பெரும்பாலும் திக்கல் வராது, பெரியவர்களுக்கும் அப்படித்தான். வேண்டுமென்று செய்கிற பிள்ளை இல்லை அவன். நாக்கிலும் கோளாறு இல்லை. அடைபட்ட அதே 'ப', அடுத்த நிமிடம் தெளிவாக வருகிறதே! வசம்பை நிறுத்திவிடுங்கள். வாயில் கூழாங்கல் போட்டுப் பேசச் சொல்லும் வைத்தியம் யாராவது சொன்னால் அதற்குச் சம்மதிக்கவே வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

சரி, வீட்டில் என்ன செய்வது? "மெதுவா சொல்லு", "மூச்சு விட்டுச் சொல்லு", "முதல்லேருந்து சொல்லு" என்பதையெல்லாம் இன்றோடு விடுங்கள். அன்பாகத்தான் சொல்கிறோம், ஆனால் பிள்ளைக்கு 'நான் தப்பாகப் பேசுகிறேன்' என்றுதான் கேட்கிறது. அவனை மெதுவாகப் பேசச் சொல்வதற்குப் பதில் நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். அவன் முடித்ததும் ஒரு கணம் விட்டுப் பதில் சொல்லுங்கள். கேள்வியைக் குறையுங்கள், "ஸ்கூல்ல என்ன செஞ்ச, என்ன சாப்பிட்ட, மிஸ் என்ன சொன்னாங்க" என்று ஒரே மூச்சில் கேட்டால் எந்தப் பிள்ளையும் திணறும். வார்த்தையை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். தினமும் ஐந்து பத்து நிமிடம் டிவி, போன் இல்லாமல் தரையில் அவனோடு உட்காருங்கள், பேச்சை அவனே நடத்தட்டும். விருந்தாளி வந்தால் ரைம்ஸ் சொல்லிக்காட்டச் சொல்லாதீர்கள். எல்.கே.ஜி. ஆசிரியையிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். பள்ளியில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ் என்பதால் திக்கல் வருவதில்லை, வீட்டுத் தமிழைக் குறைக்க வேண்டாம்.

"அம்மா, வர மாட்டேங்குது" என்று அவனே ஒருநாள் சொன்னால், ஒன்றுமில்லை என்று மழுப்பாதீர்கள். "ஆமாடா, சில வார்த்தை வர கொஞ்ச நேரம் ஆகுது. பரவாயில்ல, அம்மா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொன்னால் போதும்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள். தனியாரிடம் போவதானால், பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற கேட்பு-பேச்சுத் துறைப் பட்டம் படித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பிள்ளைகள் டாக்டர் அறையில் ஒருதடவைகூடத் திக்காமல் பேசிவிடுவார்கள், எங்களுக்கே இது தொல்லை. அதனால் வீட்டில் விளையாடும்போது அவனுக்குத் தெரியாமல் இரண்டு நிமிட வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு வாரம் குறைந்து மறுவாரம் கூடுவது இதன் இயல்பு. போய்விட்டது என்று சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட வேண்டாம். இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை பெரும்பாலும் பெற்றோர் வழியாகத்தான். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உருவான லிட்கோம் முறையில், திக்காமல் வந்த பேச்சைத் தினமும் சிறிது நேரம் பாராட்டப் பெற்றோருக்கே பயிற்சி தருகிறார்கள். ஆனால் தெரபிஸ்ட் துணை இல்லாமல் அதை நீங்களாகத் தொடங்காதீர்கள்.

அப்புறம், உங்கள் கொழுந்தனார். பார்த்துப் பழகுவதால் திக்கல் வருவதில்லை என்று இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள். குடும்பத்தில் வருவது ரத்தத்தில் வருவது, பக்கத்தில் உட்காருவதால் ஒட்டிக்கொள்வது அல்ல. வார்த்தை அடைத்துக்கொள்ளும்போது எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சித்தப்பா பழையபடி அவனைத் தூக்கட்டும், திக்கினாலும் கூச்சப்படாமல் அவனிடம் கதை சொல்லட்டும்.