மஜ்ஜை நிறைய செல், ரத்தத்தில் பஞ்சம் – கடிதம்

அண்ணா, வணக்கமுங்க. நான் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். எங்க அய்யனுக்கு 71 வயசு. கொஞ்ச நாளா நாலு எட்டு வச்சாலே மூச்சு வாங்குது, ஹீமோகுளோபின் 7-க்கு வந்துடுச்சு. கோயமுத்தூர்ல எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்துட்டு எம்டிஎஸ், அதாவது மஜ்ஜையில ரத்தச் செல் சரியா உருவாகாத நோய்னு சொன்னாங்க. மஜ்ஜைக்குள்ள செல் நிறைய இருக்காம், ஆனா ரத்தத்துக்கு வர்றதுக்குள்ள தானாச் செத்துப்போயிடுதாம். அதெப்படிங்க? சாகவிடாம நிறுத்த மருந்து இல்லையா? சொந்தக்காரங்க சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கிக் குடுன்னு சொல்றாங்க. எங்களுக்கும் இது வருமோன்னு பயமா இருக்குங்க.

*

அன்புள்ள தங்கைக்கு,

டாக்டர் சொன்னது சரிதான். ரத்தம் உண்டாக்குகிற ஒவ்வொரு செல்லும் தன்னை அழித்துக்கொள்வதற்கான ஏற்பாட்டோடுதான் பிறக்கிறது, உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான். "சாகாதே" என்ற செய்தி வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கும் வரைதான் அது உயிரோடு இருக்கும், செய்தி நின்றால் முடிந்தது.

ஒரு நொடிக்கு சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் நம் மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வருகின்றன. இளம் செல்கள் தேவைக்கு மேலாகவே முளைக்கும். எத்தனை பிழைக்கும் என்பதைச் சிறுநீரகம் சுரக்கிற எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் தீர்மானிக்கிறது. வாய்க்கால் பாசனம் பார்த்த உங்களுக்கு இது புரியும்: விதைப்பு எல்லா வயலிலும் நடக்கும், தண்ணீர் எவ்வளவு வந்தது என்பதைப் பொறுத்துத்தான் கடைமடைப் பயிர் தப்பும். அடிபட்டு ரத்தம் போனால் இந்த ஹார்மோன் ஏறும். வழக்கமாகச் செத்திருக்க வேண்டிய இளம் செல்கள் அப்போது பிழைத்து வெளியே வரும். புதிதாக உண்டாக்குவதைவிட இது வேகமான வழி, எனக்கு இன்றும் வியப்பு தருகிற ஏற்பாடு.

செல்லுக்குள் இதை நடத்துபவை புரதங்கள். செல்லுக்கு ஆற்றல் தருகிற மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சுவரில் பேக்ஸ், பேக் என்று இரண்டு புரதங்கள் ஓட்டை போடத் தயாராக இருக்கின்றன. பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1 ஆகிய மூன்றும் அவற்றைப் பிடித்து வைக்கின்றன. செல்லுக்கு ஊட்டச் செய்தி நின்றால் பிம், டிஎன்ஏ உடைந்தால் பூமா என வேறு சில புரதங்கள் வந்து அந்தப் பிடியைத் தளர்த்தும். சுவரில் ஓட்டை விழும், உள்ளேயிருந்து சைட்டோகுரோம் சி கசியும், அது கேஸ்பேஸ் என்ற வெட்டும் நொதிகளை எழுப்பிவிடும், செல் துண்டு துண்டாகச் சுருங்க, பக்கத்துச் செல்கள் அதை விழுங்கிவிடும், வீக்கமோ சீழோ இல்லாமல். எம்சிஎல்-1 மிகச் சீக்கிரம் சிதைந்துபோகிற புரதம், விடாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எலிகளில் அந்த மரபணுவை நீக்கியபோது எல்லா ரத்தச் செல்களுக்கும் மூலமான ரத்தத் தண்டுசெல்களே அழிந்து மஜ்ஜை காலியானது.

அப்படியானால் பிசிஎல்-2-ஐக் கூட்டிவிட்டால் போதாதா என்பதுதானே உங்கள் கேள்வி? அதைக் கூட்டினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும், தங்கச்சி. 14, 18ஆம் குரோமோசோம்கள் உடைந்து இடம் மாறி ஒட்டிக்கொண்ட ஒருவகை நிணநீர்ப் புற்றில்தான் அந்த மரபணுவே முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. 1988இல் மெல்போர்னில் டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அதை ரத்தச் செல்களுக்குள் செலுத்தினார்கள். இன்டர்லூக்கின்-3 என்ற ஊட்டச் செய்தி இல்லாவிட்டால் செத்துப்போக வேண்டிய செல்கள் அது இல்லாமலும் சாகவில்லை, ஆனால் பெருகவும் இல்லை, சும்மா கிடந்தன. அதுவரை புற்றுநோய் என்றால் கட்டுப்பாடில்லாமல் பெருகுவது என்றே எண்ணியிருந்தார்கள். சாக வேண்டியது சாகாமல் போவதும் புற்றுநோய்க்கு வழி என்பது அங்கேதான் தெளிவானது.

செல்கள் அளவுக்கு மீறிச் சாவது, சாகவே மறுப்பது, உங்கள் அய்யனின் நோய் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எம்டிஎஸ்ஸில் தண்டுசெல்லின் டிஎன்ஏவில் பிழை விழுந்திருக்கும். அதன் வழியில் வருகிற செல்கள் கோணலாக வளர்ந்து, ஆரம்ப நிலையில் பெரும்பாலும் மஜ்ஜைக்குள்ளேயே மடிந்துவிடும். நோய் முற்றும்போது சாவு குறைகிறது, பிசிஎல்-2 கூடுகிறது, சுமார் மூன்றில் ஒருவருக்கு அது ரத்தப்புற்றாக மாறுகிறது. அந்தக் கட்டத்துக்கு வந்தவர்களுக்கு பிசிஎல்-2-ஐ அடைத்து செல்லைச் சாகவைக்கிற வெனிடோகிளாக்ஸ் என்ற மருந்தை வேறு மருந்தோடு சேர்த்துப் பலருக்கும் கொடுக்கிறார்கள். ஆகவே எல்லாச் செல்லையும் சாகாமல் காப்பாற்றுகிற மருந்தை நான் கேட்க மாட்டேன், நீங்களும் ஆசைப்பட வேண்டாம்.

அதற்காகக் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. எரித்ரோபொயட்டினை ஊசியாகவே போடலாம். ரத்தத்தில் அதன் அளவு மில்லிலிட்டருக்கு 500 மில்லியூனிட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பரிசோதனை எடுத்தார்களா என்று கேளுங்கள். பி12, ஃபோலிக் அமிலம் இரண்டும் பார்த்தார்களா என்பதையும் கட்டாயம் கேளுங்கள். இவை குறைந்தாலும் இதேபோல மஜ்ஜை நிறைந்திருக்கும், செல்கள் உள்ளேயே சாகும், ஆனால் அதை மாத்திரை, ஊசியாலேயே சரிசெய்துவிடலாம்.

சுவரொட்டி விஷயம். அதில் இரும்புச்சத்து உண்டு, அய்யனுக்குப் பிடித்தால் சாப்பிடட்டும், ஆனால் இரும்புச்சத்து குறைந்ததால் வந்த நோய் இல்லை இது. ரத்தம் ஏற்ற ஆரம்பித்தால் ஒவ்வொரு பையோடும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உள்ளே போகும், அதை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது, கல்லீரலிலும் இதயத்திலும் படியும். யார் சொன்னாலும் சரி, டாக்டரைக் கேட்காமல் இரும்பு மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்களுக்கு வருமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதில்லை, வயதாக ஆக தண்டுசெல்லில் சேர்கிற பிழை. அரிதாகச் சில குடும்பங்களில் தொடர்வது உண்டு. அங்கே பல சமயம் இளம் வயதிலேயே இது தெரிய ஆரம்பிக்கும், உறவில் இன்னும் சிலருக்கும் ரத்த நோய் இருந்திருக்கும். அப்படி யாரும் இல்லையென்றால் இந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.