மேக்ரோ லென்ஸ் வாங்க வசதியில்லை. பூச்சி, பூ, வீட்டு வேலைப்பாடுகளை நெருக்கத்தில் படம் எடுக்க முடியுமா?

முடியும். இப்போதுதான் சம்பளம் வாங்கத் தொடங்கியிருப்பீர்கள் என்று நினைத்துச் சொல்கிறேன், தவணையில் லென்ஸ் வாங்கிவிடாதீர்கள். நான் கடை வாசல்வரை போய், வீட்டில் திட்டு வாங்கித் திரும்பியவன்.

என்னிடம் இருந்தது அப்பா ஃபிலிம் காலத்தில் வைத்திருந்த 50 மி.மீ. நிக்கான் லென்ஸ். லென்ஸைத் திருப்பி மாட்ட ரிவர்ஸ் ரிங் என்று ஒரு வளையம் உண்டு; சில நூறு ரூபாய்தான். மாட்டினால் பொருளும் சென்சாரில் விழும் பிம்பமும் ஏறக்குறைய ஒரே அளவாகிவிடும். பழைய லென்ஸில் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) வளையம் இருப்பதால் கையாலேயே துளையைச் சுருக்கி எஃப்/8 வைக்கலாம். ஆனால் அதிலும் கூர்மையாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் தேறினால் அதிகம். ஆட்டோஃபோகஸை மறந்துவிடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, உடம்பை முன்னும் பின்னும் அசைத்துத்தான் ஃபோகஸ் பிடிக்க வேண்டும். இருபது எடுத்தால் ஒன்று தேறும்.

(மேக்ரோ லென்ஸ் வைத்திருக்கும் அண்ணன்மார் சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் படம் ஓரம்வரை கூர்மையாக இருக்கும், என் முறையில் தூசி உள்ளே போகும், எல்லாம் தெரியும். கேட்டவரிடம் காசில்லை என்பதுதானே கேள்வியே!)

முதல் மழைக்கு மறுநாள் தம்பலப்பூச்சி எடுக்கக் கண்மாய்க் கரையில் குப்புறப் படுத்திருந்தேன். சங்கப் பாட்டில் மூதாய் என்று வருமே, அதுதான். எட்டுக் கால், சிலந்திக்குச் சொந்தம். ஆடு ஓட்டி வந்த பெரியவர் பதறிப்போய், "என்ன தம்பி, கெறக்கமா? சோடா வாங்கியாரவா?" என்றார். கேமராத் திரையைக் காட்டினேன். வெல்வெட் மாதிரி தெரிந்த முதுகில் முடி முடியாகத் தனித்தனியே நின்றது. ஆடுகளை மறந்து பத்து நிமிடம் பார்த்தார்.

ஆனால் நான் அதிகம் எடுத்தது அப்பத்தா வீட்டுத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைத்தான் (செட்டிநாட்டுப் பூ வேலைத் தரை ஓடு). அதற்குச் சூளை கிடையாது. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் கரைசலைக் கரண்டியால் ஊற்றுவார்கள். பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது. கிட்டப் போனால் மஞ்சளும் கறுப்பும் சேருமிடத்தில் கோடு நேராக இருக்காது. ஒரு கல்லில் கறுப்பு தலைமுடிபோல மஞ்சளுக்குள் இழுத்திருந்தது. ஊற்றியவர் கை நடுங்கியதோ என்னவோ. நிலைக்கதவுச் செதுக்கல் எடுப்பதானால் வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். நேரே ஃபிளாஷ் அடித்தால் யாளியும் அன்னமும் தட்டையாகிவிடும்.

அந்தத் தரை இப்போது இல்லை. பங்கு பிரித்தபோது எங்கள் சித்தப்பா, "வழுக்குது, யார் தொடைக்கிறது?" என்று பெயர்த்துவிட்டு வெள்ளை டைல்ஸ் போட்டார். மழை நாளில் அதுதான் வழுக்குகிறது. நாலு கல்லாவது கொடுங்கள் என்று கேட்டேன். மண்ணோடு வண்டியில் போய்விட்டதாம். போன பொங்கலுக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கறுப்பு இழுத்த அதே கல். மேலே "நம் பாரம்பரியம் காப்போம்", கீழே ஒரு ரோஜாப்பூ. அனுப்பியவர் சித்தப்பா. அதற்குப் பதினேழு பேர் கும்பிடு வேறு போட்டிருந்தார்கள்.

கேள்விக்கு வருகிறேன். ரிங் வாங்கும்போது லென்ஸின் முன்வாய் அளவைப் பார்த்து வாங்குங்கள். என்னுடையதற்கு 52 மி.மீ.