எரிந்து விழுவதும் எடுத்தெறிந்து பேசுவதும் ஒன்றா? சத்தமாகக் குறை சொல்வதை எப்படிச் சொல்வது?

ஒன்றல்ல. எரிந்து விழுபவருக்குக் கோபம் முன்பே உள்ளே இருக்கிறது. எதிரில் வந்தவர் அகப்பட்டுக்கொள்கிறார். “காபி வேண்டுமா?” என்றதற்கு, “இப்போது அது ஒன்றுதான் குறைச்சல்!” என்று பதில் வந்தால் எரிந்து விழுகிறார் என்று பொருள். ‘வள்ளென்று விழுந்தார்’ என்பதும் இதே ரகம்தான். ஆனால் அதில் நாய் குரைப்பது ஒட்டியிருக்கிறது. பெரியவர்களைப் பற்றி அவர்கள் காதுபடச் சொல்லிவிடாதீர்கள்.

எடுத்தெறிந்து பேசக் கோபமே தேவையில்லை. “உங்களுக்கு என்ன தெரியும்?” என்று நிதானமாகக் கேட்டாலே போதும். எதிராளியை மதிக்கவில்லை என்பதுதான் அங்கே குற்றம். இளையவர்கள் மீது பெரியவர்கள் இந்தப் புகாரை அடிக்கடி சொல்வது அதனால்தான்.

சத்தமாகக் குறை சொன்னால் ‘கூப்பாடு போடுகிறார்’ என்போம். ‘ஊரைக் கூட்டுகிறார்’ என்று சொல்ல வேடிக்கை பார்க்க நாலு பேராவது வேண்டும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வீட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தால் அது வெறும் புலம்பல்.