சரளமாக வாசிக்கிறான், கேட்டால் விழிக்கிறான்

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் தடங்கல் இல்லாமல் வாசித்துவிடுவான். முடித்ததும் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறான். கொஞ்சம் அழுத்திக் கேட்டால், “எல்லாத்தையும் போனே படிச்சுச் சுருக்கிச் சொல்லுதேம்மா, நான் எதுக்குப் படிக்கணும்?” என்கிறான். எனக்கும் பதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், நீளமான படிவமோ ஒப்பந்தமோ கைக்கு வந்தால் கையெழுத்துப் போடும் இடத்தைத்தான் நானும் முதலில் தேடுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்தக் கடைசி வரியையும் சேர்த்து எழுதினீர்களே, அதற்கு நன்றி சகோதரி. பெரும்பாலானவர்கள் பிள்ளையைப் பற்றி மட்டும் எழுதுவார்கள். உங்கள் இருவருக்கும் இருப்பது ஒரே சிக்கல்தான். அதனால் இருவரும் சேர்ந்தே சரிசெய்ய முடியும்.

முதலில் ஓர் ஆறுதல். எழுத்தைக் கூட்டி வாசிப்பதில் அவனுக்குத் தடை இல்லை. இந்த வயதிலும் எழுத்துகள் மாறி மாறித் தெரிகின்றன, ஒரு வரியை வாசிக்கவே திணறுகிறான் என்றால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன். கண், காது இரண்டையும் பரிசோதித்துவிட்டு, கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கும் சிறப்பாசிரியரிடம் அழைத்துப் போகச் சொல்லியிருப்பேன். அப்படிப்பட்ட பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவது பெரிய கொடுமை. உங்கள் மகனுக்கு அது தேவைப்படவில்லை. அவனுக்கு வாசிக்க வருகிறது, வாசித்தது உள்ளே போய்ச் சேர்வதில்லை.

இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதற்கு, 2006-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை நான் அடிக்கடி சொல்வேன். 395 நோயாளிகளிடம் மருந்துப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் வழிமுறைகளைக் காட்டினார்கள். அதில் ஒரு வரி: ‘இரண்டு மாத்திரைகள், ஒரு நாளைக்கு இரண்டு முறை’. வாசிப்புத் திறன் குறைவாக இருந்தவர்களில் 100-க்கு 71 பேர் அந்த வரியைச் சரியாகவே சொன்னார்கள். அப்புறம், ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று எண்ணி எடுத்துக் காட்டச் சொன்னபோது, நான்கை எடுத்தவர்கள் 100-க்கு 35 பேர்தான். வாய்க்கு வந்த வரி பாதிப் பேருக்குக் கைக்கு வந்து சேரவில்லை. மருந்து விஷயத்தில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எழுத்தறிவு என்றால் கையெழுத்துப் போடத் தெரிவது என்று ஒரு நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஐ.நா.வின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோ 1958-லேயே தன் வரையறையில் ‘புரிந்துகொண்டு’ என்ற நிபந்தனையைச் சேர்த்துவிட்டது: அன்றாட வாழ்க்கையைப் பற்றிய சிறிய, எளிய செய்தியைப் புரிந்துகொண்டு வாசிக்கவும் எழுதவும் முடிய வேண்டும். உலகில் இன்றும் 70 கோடிக்கு மேற்பட்ட பெரியவர்களுக்கு அந்த முதல் படியே கிடைக்கவில்லை, அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். அந்தக் கணக்கில் வராமல், எழுத்து தெரிந்தும் பொருள் பிடிபடாமல் நிற்பவர்கள் எத்தனையோ பேர். இவர்களுக்கு யாரும் வகுப்பு நடத்துவதில்லை, ஏனென்றால் இவர்களைப் பார்த்தால் படித்தவர்கள் போலவே இருப்பார்கள்.

சரி, ஏன் இப்படி ஆகிறது? பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-ல் ஓர் எளிய கணக்கைச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்று பூஜ்யம் ஆனால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை பூஜ்யம்தான். உங்கள் மகனிடம் முதல் எண் நன்றாக இருக்கிறது. இரண்டாவதை வளர்க்க வேண்டும். அதில் சொல்வளம் உண்டு, நீளமான வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. எல்லாவற்றையும்விட, பேசப்படும் விஷயத்தைப் பற்றி ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்திருப்பது உண்டு.

இந்தக் கடைசி விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. 1988-ல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு சிறிய மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்தி, நடந்ததைக் காட்டச் சொன்னார்கள். வாசிப்புத் தேர்வில் குறைந்த மதிப்பெண் எடுத்தாலும் அந்த ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கக்கூடிய ஆனால் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். ஆகவே அவனுக்கு ஏற்கெனவே பிடித்தது எதுவோ, கிரிக்கெட்டோ விண்வெளியோ நாய் வளர்ப்போ, அதைப் பற்றியே நாலைந்து கட்டுரைகளைத் தொடர்ந்து கொடுங்கள். ஒரே விஷயத்தைச் சுற்றி வாசிக்கும்போது முதல் கட்டுரையில் தடுக்கிய சொல் மூன்றாவதில் பழகிப்போயிருக்கும். ‘நல்ல புத்தகம் படி’ என்று சொல்லி அவனுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றை நீட்டுவதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவையுங்கள்.

இனி செய்முறை. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். ஒரு பத்தியை அவன் மனதுக்குள்ளேயே வாசிக்கட்டும். சத்தமாக வாசிக்கும்போது கவனம் உச்சரிப்பில் போய்விடும். அதனால்தான் வகுப்பில் நன்றாக வாசிக்கும் பிள்ளைகளை நாம் தவறாக எடைபோட்டுவிடுகிறோம். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். தன் சொந்த வார்த்தையில், பேச்சுத் தமிழிலேயே, உங்களுக்குச் சொல்லட்டும். திக்கும் இடத்தில் நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டு, மறுபடி மூடிச் சொல்லட்டும். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி ஆகியோர் 2006-ல் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முதல் ஐந்து நிமிடத்தில் கொஞ்சம் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்தியிருந்தார்கள்.

கதை, கட்டுரை இப்படிப் பழகியதும், உங்கள் கைக்கு வரும் படிவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இதை நீங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டும். மாதிரிக்கு நானே எழுதிய ஓர் அறிவிப்பைப் பாருங்கள்:

‘விண்ணப்பதாரர் 18 வயது நிறைவடைந்தவராகவும், கடந்த ஆண்டில் உதவித்தொகை பெறாதவராகவும் இருத்தல் வேண்டும். உரிய சான்றுகள் இணைக்கப்படாத விண்ணப்பங்கள் முன்னறிவிப்பின்றி நிராகரிக்கப்படும்.’

ஒரே மூச்சில் வாசித்தால் மனதில் நிற்பது ‘18 வயது, உதவித்தொகை, சான்றுகள்’ என்ற மூன்று சொற்கள் மட்டும். பென்சிலை எடுத்துக்கொண்டு பிரித்துப் பாருங்கள். யாரைப் பற்றிப் பேசுகிறது? விண்ணப்பிப்பவரை. என்ன நிபந்தனை? இரண்டு. 18 வயது முடிந்திருக்க வேண்டும், அதாவது 18 நடக்க ஆரம்பித்திருந்தால் போதாது. போன வருடம் இதே பணத்தை வாங்கியிருக்கக் கூடாது. செய்யாவிட்டால் என்ன ஆகும்? சான்று இல்லாவிட்டால் தள்ளுபடி, கூப்பிட்டுச் சொல்லக்கூட மாட்டார்கள்.

‘பெறாதவர்’ என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். தமிழில் ‘இல்லை’ பெரும்பாலும் சொல்லுக்கு நடுவில் ஒளிந்திருக்கும். பெற்றவர் – பெறாதவர், செலுத்திய – செலுத்தாத, இணைக்கப்பட்ட – இணைக்கப்படாத. ஓரிரண்டு எழுத்துதான் வித்தியாசம், அவசரமாக ஓடும் கண் அதைத் தாண்டிப் போய்விடும், பொருள் தலைகீழாகிவிடும். அதேபோல ‘வரி உட்பட’ என்றால் வரி சேர்ந்தது, ‘வரி நீங்கலாக’ என்றால் தனியாகக் கட்ட வேண்டும், ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டு’ என்றால் வேறெங்கோ இன்னொரு பட்டியல் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும். மட்டும், தவிர, இல்லையெனில், நாட்களுக்குள் என்று வரும் இடங்களில் எல்லாம் பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். ஓர் ஒப்பந்தத்தில் உங்களுக்கு நட்டம் வருவதாக இருந்தால், பெரும்பாலும் அந்த வட்டங்களில் ஒன்றிலிருந்துதான் வரும். முக்கியமான ஆவணம் என்றால் தாளில் அச்செடுத்து வாசியுங்கள். தாளையும் திரையையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளை 2018-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, தகவல் சார்ந்த எழுத்தில் தாளில் வாசித்தவர்களே சற்று அதிகமாகப் புரிந்துகொண்டது தெரியவந்தது.

இப்போது அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அது நல்ல கேள்வி, அதட்டி அடக்கிவிடாதீர்கள். காதால் கேட்பது குறைச்சலான வேலை ஒன்றும் கிடையாது. பார்வையற்றவர்கள், திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் மூலம் தடித்த நூல்களையே கேட்டு முடிக்கிறார்கள். அவர்கள் நிறுத்துவார்கள், பின்னால் போவார்கள், ஒரே வரியை மூன்று முறை கேட்பார்கள். அதுவும் முழுமையான வாசிப்புதான். சுருக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நகர்வதில்தான் ஆபத்து. சுருக்கம் என்றாலே சிலவற்றை விடுவது, முதலில் விடுபடுவது பெரும்பாலும் ‘தவிர’வும் ‘இல்லையெனில்’லும்தான். ஏஐ செயலிகள் தவறான தகவலையும் சரியானதைச் சொல்லும் அதே சரளத்தோடு சொல்லும், குரலில் தயக்கம் தெரியாது.

இதை வாதாடி அவனை நம்பவைக்க முயல வேண்டாம், செய்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கம் வரும் ஒரு விதிமுறையைப் போனிடம் கொடுத்துச் சுருக்கச் சொல்லட்டும். அப்புறம் மூலத்தைத் தானே வாசித்து, என்னென்ன நிபந்தனை விட்டுப்போயிருக்கிறது, எது மாறியிருக்கிறது என்று ஒரு தாளில் குறிக்கட்டும். ஒன்றும் விடுபடவில்லை என்றாலும் நல்லதுதான், சரிபார்க்கத் தெரிந்திருக்கிறது. “போன் சொல்வது சரியா என்று பார்க்க உனக்குப் படிக்கத் தெரிய வேண்டும்” என்ற பதில் அப்போது அவனுக்கே கிடைத்துவிடும்.

எழுத்தை விட்டுவிடாதீர்கள். மூடிவைத்துச் சொன்னதை வாரத்துக்கு இரண்டு நாள் மூன்று வரியாக எழுதட்டும், அழகாக இருக்க வேண்டியதில்லை. பேசும்போது ‘அதாவது, அந்த மாதிரி’ என்று சமாளித்துவிடலாம், தாளில் முடியாது. ஒரு புகார்க் கடிதத்தையும் எழுதிப் பழகட்டும்: என்ன நடந்தது, எந்தத் தேதியில், எனக்கு என்ன செய்து தர வேண்டும். நியாயம் தங்கள் பக்கம் இருந்தும், மூன்றாவதை எழுத மறந்ததால் பதில் கிடைக்காமல் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவர் இரண்டு பக்கத்துக்குத் தன் வேதனையை எழுதிக்கொண்டு வந்தார். வாசிக்கும்போதே மனது கனத்தது. தேதியும் கோரிக்கையும் மட்டும் அதில் இல்லை. உட்கார்ந்து ஏழு வரியாக மாற்றி எழுதினோம்.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் வருவதை எப்படி வாசிப்பது. இங்கே உற்று உற்றுப் பார்ப்பது பெரிதாக உதவாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், செய்திகளின் உண்மையைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் என 45 பேரை இணையப் பக்கங்களை மதிப்பிடச் சொன்னார்கள். பேராசிரியர்களில் பலரும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே தங்கி, அதன் அழகான வடிவமைப்பிலும் மிடுக்கான பெயரிலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ சில நொடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து, இதை நடத்துவது யார், மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கும் வந்தார்கள். அதையே நீங்களும் செய்யுங்கள். ‘நாளை முதல் புதிய விதி, அனைவருக்கும் பகிரவும்’ என்று ஒரு செய்தி வந்தால், அதில் தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேதி இல்லாத ‘நாளை’ எந்த வருடத்திலும் நாளையாகவே இருக்கும். அப்புறம் செய்தியை விட்டு வெளியே வந்து, அந்த விதியைப் போட்டதாகச் சொல்லப்படும் துறையின் சொந்தத் தளத்தில் தேடுங்கள்.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வாசிக்காமலே வைத்த ஏதாவது ஒரு படிவம் வீட்டில் கண்டிப்பாக இருக்கும். அதை எடுத்து, பென்சிலோடு அவன் பக்கத்தில் உட்காருங்கள். இந்த முறை நீங்கள் வாசித்து மூடிவைத்துச் சொல்லுங்கள், அவன் கேள்வி கேட்கட்டும். புரியாத இடம் வந்தால் “இது எனக்குப் புரியலப்பா” என்று அவன் காதுபடச் சொல்லுங்கள். அப்புறம் இருவருமாக அந்த வரிக்குத் திரும்பிப் போங்கள்.