அஸ்மோடியஸ் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை நண்பர்களோடு ஆறு வருடமாக விளையாடுகிறேன். நானே எழுதிய ஒரு சாகசக் கதையைத் தமிழில் சின்னப் புத்தகமாக அச்சிட்டு 200 ரூபாய்க்கு விற்க ஆசை. அதில் ஆர்கஸ், டெமகார்கன், அஸ்மோடியஸ், பேலார், ராட்சசன் எல்லாரும் வருகிறார்கள். இவை பழைய புராணப் பெயர்களா, கம்பெனி உருவாக்கியவையா? "பெயர் உரிமை" வாங்கித் தருவதாக ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால், எந்தப் பெயருக்கு, யாரிடமிருந்து, என்ன உரிமை வாங்கித் தரப்போகிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பேச்சு அத்தோடு நின்றுவிடும். நீங்கள் கேட்ட ஐந்து பெயர்களும் அந்தக் கம்பெனி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தவை. ஊர்ப் பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்க ஒருவன் பட்டா வாங்கித் தருகிறேன் என்றால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

பெயர் வேறு, அந்தப் பெயருக்கு விளையாட்டில் போட்டிருக்கும் வேஷம் வேறு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இந்த விளையாட்டு 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் வெளிவந்தது. பேய்க்கூட்டம் முறையாக உள்ளே வந்தது 1976-இல் வந்த ஒரு துணைப் புத்தகத்தில். அடுத்த வருடம் மான்ஸ்டர் மேனுவல் என்ற அரக்கர் பட்டியல் புத்தகம் வந்தபோது நரகத்தின் அதிபதிகளும் சேர்ந்தார்கள். கையில் கிடைத்த புராணங்களிலிருந்தெல்லாம் அள்ளினார்கள். ஆர்கஸ் ரோமானியர்களின் பாதாள தெய்வம், பொய்ச்சத்தியம் செய்தவனைத் தண்டிப்பவன். ஒன்பது அடுக்கு நரகமும் அதில் வரும் டிஸ் என்ற நகரமும் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்தில் இருப்பவை. டெமகார்கன் இன்னும் விசித்திரம்: ஒரு லத்தீன் காவியத்துக்கு எழுதிய உரையில், படைப்புக் கடவுளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைப் பிழையாகப் படியெடுத்ததால் பிறந்த பெயர் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். எந்தக் கோயிலிலும் யாரும் கும்பிடாத அந்தப் பிழையை 14-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சோ எல்லாத் தெய்வங்களுக்கும் மூதாதை ஆக்கினார்.

அஸ்மோடியஸைக் கத்தோலிக்க விவிலியத்தின் தோபித்து ஆகமத்தில் பார்க்கலாம். சாரா என்ற பெண்ணின் ஏழு கணவர்களையும் முதலிரவிலேயே கொன்ற பேய் அது. எட்டாவதாக வந்த தோபியா மீனின் இதயத்தையும் ஈரலையும் தணலில் போட்டுப் புகைக்க, அந்த நாற்றம் தாங்காமல் எகிப்துக்கு ஓடியது. பெயரின் வேர் பழைய ஈரானிய மொழியின் 'அயேஷ்ம தயேவ' என்பதே பெரும்பாலோர் கருத்து. அயேஷ்ம என்றால் வெறிச்சினம். தயேவ என்பது நம் 'தேவ' என்ற சொல்லின் உடன்பிறப்பு. இங்கே கும்பிடும் சொல், அங்கே பேயைக் குறித்தது. இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கமே வரவில்லை. இவ்வளவு பெரிய சொத்தை யாரோ ஒரு புரோக்கர் விலை பேசுகிறாரே என்பதுதான் ஆத்திரம்.

வேஷம் என்று சொன்னது இதைத்தான்: இரண்டு மன்ட்ரில் குரங்குத் தலை, கைக்குப் பதில் ஆக்டோபஸ் கரம் வைத்த டெமகார்கன், ஆட்டுத்தலை, வௌவால் சிறகு, மண்டையோடு பதித்த கோல் ஏந்திய ஆர்கஸ். இந்த உருவமும் இவற்றைச் சுற்றிப் பின்னிய கதையும் விளையாட்டுக்காரர்கள் செய்தவை. அப்படியே எடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய பிரதியில் நான்கு இடத்தில் 'தனாரி', 'பாட்டேசு' என்று வருகிறது. உடனே அடித்துவிடுங்கள். பேய் என்ற சொல்லே குழந்தைகளைக் கெடுக்கிறது என்று 80-களில் அமெரிக்கப் பெற்றோர் அமைப்புகள் போராடியதால், 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு அந்தச் சொற்களையே விலக்கியது. பின்னால் அந்த இடத்தில் வைத்த புனைபெயர்கள் இவை. முழுக்கக் கம்பெனியின் கைச்சரக்கு. தங்களுக்கே உரியவை என்று உரிமத்தில் பெயர் சொல்லி எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

பேலார் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் எல்லாரும் சறுக்குவது இங்கேதான். 1974-இல் பெட்டியில் வந்த முதல் பதிப்பில் இருந்த பெயர் பேலார் இல்லை, பால்ராக். அது ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் எழுதிய நாவலில் வரும் நெருப்புப் பேய். நாவலின் உரிமை வைத்திருந்தவர்கள் 1977 வாக்கில் எதிர்ப்புத் தெரிவிக்க, அதே நாவலின் குள்ள மனிதரான ஹாபிட் ஹாஃப்லிங் ஆனது, நடக்கும் மரமான என்ட் ட்ரீயன்ட் ஆனது, பால்ராக் இருந்த இடத்தில் பேலார் வந்து உட்கார்ந்தது. ஆனால் பேலார் என்பதும் பழம்பெயர்தான்! அயர்லாந்துப் பழங்கதையில் அவன் ஒற்றைக்கண் அரசன். போர்க்களத்தில் நான்கு பேர் சேர்ந்துதான் அவன் இமையைத் தூக்குவார்கள்; அந்தப் பார்வை பட்ட படை அழியும். பேரன் கையால் சாவு என்று குறி சொல்லியிருந்ததால் மகளைக் கோபுரத்தில் அடைத்தான் (கம்சன் கதை நினைவுக்கு வருகிறதா?). கடைசியில் பேரன் லூ கவண்கல்லால் அடிக்க, கண் மண்டையைத் துளைத்துப் பின்பக்கம் போய் அவனுடைய படையையே பார்த்தது. ஆக, பேலார் என்று எழுதலாம், கண்ணைப் பற்றி எழுதலாம். சவுக்கு பிடித்த நெருப்புப் பேயாக வரைந்து, ஓரிடத்தில் கைதவறிப் பால்ராக் என்று எழுதினீர்களோ, நாவல் உரிமைக்காரர், விளையாட்டுக் கம்பெனி என்று இரண்டு வீட்டுக்காரர்கள் உங்கள் வாசலுக்கு வருவார்கள்.

ராட்சசனுக்கு வருவோம். 1977-இல் வந்த அந்த மான்ஸ்டர் மேனுவலில் அவன் புலித்தலையோடு, அங்கி போட்டுக்கொண்டு, புகைக்குழாய் பிடித்து உட்கார்ந்திருக்கிறான். முதலில் இந்தியாவில் அறியப்பட்டு இப்போது பரவிவருபவன் என்று எழுதியிருக்கிறார்கள். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் சாவானாம். வால்மீகியிலும் கம்பனிலும் இப்படி ஒரு விதியே கிடையாது. 1974-இல் வந்த ஓர் அமெரிக்கத் திகில் தொடரில் ராட்சசனை இதே அம்பால்தான் கொல்வார்கள். நம் சரக்கு அமெரிக்கத் தொலைக்காட்சி வழியாகச் சுற்றிக்கொண்டு நம்மிடமே வந்திருக்கிறது. தமிழில் எழுதும் நீங்கள் அந்தப் புலித்தலையை ஏன் சுமக்கவேண்டும்? மானாக வந்த மாரீசன் இருக்கிறான். உருமாறுவதுதான் அரக்கர் வித்தை.

இன்னொரு கும்பலைப் பற்றியும் எச்சரிக்கிறேன். "சாலமோன் அரசன் எழுதிய அசல் பேய் நூல்" என்று விற்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரிப் பையன் 8,000 ரூபாய் கொடுத்து வாங்கிவந்து காட்டினான். ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ். பக்க ஓரத்தில் ஒரு வெளிநாட்டு நூலகத்தின் முத்திரைகூட அழியாமல் தெரிந்தது. 72 பேய்கள் கொண்ட அந்த நூலின் கையெழுத்துப் பிரதிகள் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சாலமோன் அதற்கு இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் மூத்தவர். அதற்கு முன்பே, 1577-இல், யோகான் வையர் என்ற மருத்துவர் 69 பேய்களின் பட்டியலை அச்சிட்டார். சூனியக்காரி என்று பெண்களைக் கொளுத்துவதை எதிர்த்து எழுதிய மனிதர் அவர். இவையெல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பைசா கொடுக்கத் தேவையில்லை.

உரிமத்துக்கு வருகிறேன். விளையாட்டின் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்.ஆர்.டி. 5.1 என்ற ஆவணம் 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. அதிலிருந்து எடுத்து, தமிழாக்கி, விற்கலாம். பேலாரும் ராட்சசனும் அதிலேயே இருக்கிறார்கள். அதற்கு முன் 2000-லிருந்து ஓர் உரிமம் இருந்தது. சாதாரண மனிதன் படித்துப் புரிந்துகொள்ள முடியாத மொழி. அதையும் கம்பெனி திடீரென்று மாற்றப் பார்த்து, விளையாடுபவர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் இந்த வழி திறந்தது. விதியைப் புரியாத மொழியில் எழுதிவைத்தால் புரோக்கர் முளைக்காமல் என்ன செய்வான்? நம் ஊரிலும் இதே கதைதான். உங்கள் புத்தகத்துக்குப் பதிப்புரிமை எழுதிய நொடியிலேயே உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. பதிய விரும்பினால் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய், ஆன்லைனில் நீங்களே கட்டலாம். இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

அட்டையில் விளையாட்டின் பெயரையோ சின்னத்தையோ போடாதீர்கள். எஸ்.ஆர்.டி.யின் முதல் பக்கத்தில் ஒரு நன்றிக் குறிப்பு இருக்கும். அதை எழுத்து மாறாமல், உள்ளபடியே, உங்கள் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் அச்சிடுங்கள். கீழே தமிழிலும் கொடுத்தால் நல்லது.